ஈ ஓட்டுவதற்கு ஒரு பிஎச்டி

ஞாயிற்றுக்கிழமை மேடையில் என் படிப்பைக் கேலி செய்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை பால்காரரும் "என்ன டாக்டரம்மா, இன்னிக்கும் ஈ ஓட்டம்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அதோடு பொறுமை போய்விட்டது. அவர்மேல் கோபமில்லை. அவர் போனுக்கும் அது வந்திருக்கிறது, அவ்வளவுதான். என் போனுக்கே பதினொரு பேர் அனுப்பியிருந்தார்கள். எனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்ற அக்கறை.

சிறப்பு விருந்தினர் அண்ணன் நல்லவர். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தவர், கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுத்தவர். ஈயை ஆராய்ந்து பிஎச்டி வாங்கிய நான் மேடையில் கேட்டது ஒன்றுதான். டெங்குக் காய்ச்சலுக்கென்று வசூலித்த பணம் முழுவதையும் கொசுப்புகை மருந்துக்கே கொட்டாமல், பாதியை வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு பார்க்கிற ஆட்களுக்குக் கொடுக்கலாமா என்றேன். அதற்குத்தான் "நம்மூர்ல ஈ ஓட்டுறதுக்கே பிஎச்டி இருக்கு, கொசு என்னத்துக்கு ஆகும்" என்றார். பந்தலே குலுங்கியது. வீடியோவை நன்றாகப் பாருங்கள், நானும் சிரிக்கிறேன்.

சரி, கொசுவிலிருந்தே ஆரம்பிப்போம்.

தெருவில் கொசுப்புகை வண்டிச் சத்தம் கேட்டால் முதலில் என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்துகிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெருவிலா உட்கார்ந்திருக்கிறது? கட்டிலுக்கடியில், கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னால், பீரோ இடுக்கில் இருக்கிறது. கொசு உள்ளே, புகை வெளியே. தப்பித்தவறி புகை பட்டாலும் சாவது பறக்கிற கொசுதான். தண்ணீரில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் அது இறக்கையோடு எழுந்து வரும். காய்ச்சல் கொத்தாகப் பரவும்போது புகைக்கும் வேலை இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவே இல்லை. புகை மட்டும் போட்டுவிட்டுக் கைகழுவாதீர்கள் என்றுதான் சொன்னேன். மறுபடியும் சொல்கிறேன்: தண்ணீரைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

போன ஐப்பசியில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குள் வாட்ச்மேனோடு போனேன். முற்றத்தில் ஓட்டுத் தண்ணீர் பிடிக்க வைத்த வெண்கல அண்டா, பாதிவரை நிறைந்திருந்தது. "மழைத் தண்ணிம்மா, குடிக்கலாம், அவ்வளவு சுத்தம்" என்றார். டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் நூற்றுக்கணக்கில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு அடிக்கு ஓடின. ஏடிஸுக்கும் அந்தச் சுத்தம்தான் பிடிக்கும். அது முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான விளிம்பில் ஒட்டிவைக்கும். கரித்தூள் மாதிரி இருக்கும், ஊதினால் போகாது. தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் முடிந்தது என்று நினைக்கிறோம். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த மழைத் தண்ணீர் தொட்டதும் பொரியும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவச் சொல்வது அதற்காகத்தான். எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி சென்னையில், மலேசியாவில், சிங்கப்பூரில். கொசு உள்ளூரில்.

எல்லாக் கொசுவும் ஒன்று என்று நினைப்பதும் நம் வழக்கம். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு சாக்கடையில் வளர்கிறது. மூளைக்காய்ச்சல் கொசுவுக்கு நெல் வயல் வேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலை இந்தியாவில் முதலில் கண்டது நம் வேலூரில்தான், 1955ல். அதற்குப் போய் அண்டாவைக் கழுவினால் என்ன ஆகும்? எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று பிரித்துச் சொல்வதற்காகத்தான் புதுச்சேரியில் 1975லிருந்து ஒரு மத்திய ஆராய்ச்சி மையமே நடக்கிறது. அங்கே இருப்பவர்களும் ஈ ஓட்டுகிறவர்கள்தான் போல. உண்ணிக்காய்ச்சலைப் பரப்புவது பூச்சிக் கணக்கிலேயே வராது, சிலந்திக்குச் சொந்தம். ஆனால் நம்மைக் கடிக்கிற குஞ்சுப் பருவத்தில் அதற்கு ஆறு கால்தான். இதை விடுங்கள், இதற்கும் ஒரு ஜோக் வரும்.

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நல்லவேளை, அவர் நம் பந்தலுக்கு வரவில்லை.

இப்போது ஈக்கு வருகிறேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

1247ல் சீனாவில் சோங் சி என்ற நீதி அதிகாரி எழுதிவைத்த வழக்கு ஒன்று உண்டு. ஒருவரை அரிவாளால் வெட்டிவிட்டார்கள். ஊரில் உள்ள அரிவாள்களையெல்லாம் கொண்டுவந்து வெயிலில் தரையில் வைக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு அரிவாளில் மட்டும் ஈ மொய்த்தது. கழுவிய இரும்பில் நம் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஈக்குத் தெரிந்தது. 1935ல் பிரிட்டனில் மனைவியையும் வேலைக்காரப் பெண்ணையும் கொன்று துண்டு துண்டாகப் போட்ட டாக்டர் ரக்ஸ்டன் வழக்கில், கொலை நடந்து எத்தனை நாள் என்று கணிக்கப் புழுவின் வயதும் உதவியது. செத்து இரண்டு மூன்று நாள் தாண்டிவிட்டால் உடம்பின் விறைப்பு, சூடு எதுவும் நேரம் சொல்லாது. அதற்கப்புறம் கடிகாரம் ஈயிடம்தான் இருக்கிறது.

பச்சை ஈ, நீல ஈ என்று நாம் விரட்டுகிறவை பகலில் சிறிது நேரத்திலேயே பிணத்தைக் கண்டுபிடித்து முட்டையிடும். நம் சித்திரை வெயிலில் ஒரு நாளுக்குள் பொரியும். நாலைந்து நாளில் புழு முழு வளர்ச்சி அடைந்து, தின்பதை நிறுத்திவிட்டு, உடலைவிட்டு ஊர்ந்து போய்ச் சுவரோரத்தில் பழுப்பு நிறக் கூடாகிவிடும், நெல்மணி அளவில். புழுவின் பின்பக்கம் இரண்டு புள்ளி இருக்கும். கண் என்று நினைப்பார்கள், மூச்சுத்துளை அது. அதற்குள் கீறல் இரண்டு இருந்தால் இரண்டாம் பருவம், மூன்று இருந்தால் மூன்றாம் பருவம். பெரிய புழுக்களாகப் பொறுக்கி, பாதியை வெந்நீரில் போட்டெடுத்து ஆல்கஹாலில் வைக்க வேண்டும். மீதியை ஈரல் கொடுத்து உயிரோடு வளர்க்க வேண்டும், எந்த ஈ என்று தெரிய. நான் ஆராய்ச்சி செய்த காலத்தில் கசாப்புக் கடை அண்ணன் "யாருக்கும்மா தினம் கால் கிலோ?" என்பார். புழுவுக்கு என்று ஒருநாள் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல ஈரலாகப் பார்த்துக் கொடுத்தார்.

எங்கள் அப்பா ஒரு பெரிய வீட்டில் காவல் வேலை பார்த்தார். தனியாக இருந்த பெரியவர் ஒருவர், பிள்ளைகள் வெளியூரில். நான் ஒன்பதாவது படிக்கும்போது, சித்திரையில் அத்தை ஊர்த் திருவிழாவுக்கு அப்பா சொல்லிக்கொண்டுதான் போனார். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டக் கூடாது, எட்டு நாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் நாற்றம். வளவில், முற்றத்தை ஒட்டிப் பெரியவர் கிடந்தார். வெள்ளிக் கூஜா ஒன்றைக் காணோம் என்றார்கள். நீ போவதற்கு முன்பே அவர் செத்துவிட்டார், பார்த்துவிட்டுத்தான் பூட்டிக்கொண்டு ஓடினாய் என்றார்கள். நாலு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கூஜா அப்புறம் பரணில் இருந்தது. யாரும் வந்து சொல்லவில்லை. வேலை போயிற்று, பேர் ஒட்டிக்கொண்டது.

எம்எஸ்சி முதல் வருடம், லேபில் முதல்முறை அந்தப் பழுப்புக் கூட்டைக் கையில் எடுத்த அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். "அன்னிக்குத் தரையில என்னப்பா கிடந்துச்சு?" அவர் யோசிக்கவே இல்லை. "வெள்ளையாத்தாம்மா நெளிஞ்சுச்சு." பழுப்பா, நெல்லு மாதிரி ஏதாவது? "அப்படி ஒண்ணும் இல்லியே. நான்தானே கழுவுனேன்." ஆமாம், ஃபினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னதும் அவரைத்தான்.

அவர்கள் சொன்னபடி செத்து எட்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தால் அந்த வெயிலில் கூடு விழுந்திருக்க வேண்டும்.

உடனே ஒருவர் கமெண்டில் வருவார், எனக்குத் தெரியும். பூட்டிய வீட்டில் ஈ தாமதமாக நுழையுமே, புழு சொல்வது செத்துக் குறைந்தது இத்தனை நாள் என்ற கணக்குதானே என்பார். படித்தவர், சரியாகத்தான் சொல்வார். ஆனால் அது முற்றம் வைத்த வீடு ஐயா, மேலே வானம். ஈக்கு எந்தச் சாவியும் வேண்டாம். கூடு எங்காவது ஒளிந்திருக்கும் என்றால், ஆத்தங்குடிக் கல் தரையில் எங்கே ஒளியும்? ஒரு மகளின் பேச்சு நிரூபணம் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கழுவுவதற்கு முன்னால் குனிந்து பார்த்திருக்கலாம். பத்துப் புழுவை ஒரு பாட்டிலில் போட்டிருக்கலாம். பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை.

டிஎன்ஏ இருக்கிறதே என்பார் இன்னொருவர். டிஎன்ஏ யார் என்று சொல்லும். எப்போது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. ஒரு ஜோக்குக்கு இவ்வளவு ரோஷமா என்பார்கள். இருக்கட்டும். அப்பா கதையைச் சொல்லி அனுதாபம் தேடுகிறாள் என்பார்கள். ஆமாம், தேடுகிறேன். அவர் இருந்தபோது ஒருவரும் கொடுக்கவில்லை. விஞ்ஞானத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்த அழகப்பச் செட்டியார் பக்கத்தில் கோட்டையூரில்தான் பிறந்தார். அந்த மண்ணில் நின்றுகொண்டு ஒரு காவல்காரர் மகள் ஏன் ஈயைப் படித்தாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கை தட்டத் தோன்றியது.

புகை வண்டி வெள்ளிக்கிழமை வருகிறதாம். நான் நாளைக்கே டார்ச்சும் தேங்காய் நாருமாக எங்கள் தெருவில் இறங்குகிறேன், இரண்டு மாணவிகளும் வருகிறார்கள். ஏழு வீட்டில் நாலு வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. கோயிலுக்கு எதிர் வரிசையில் மூன்றாவது, பச்சைக் கதவு வீடு, சிறப்பு விருந்தினர் அண்ணனின் பூர்வீக வீடு. முகப்பு இடுக்கு வழியாகப் பார்த்தாலே உள்ளே இரண்டு அண்டா தெரிகிறது. அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.