அந்த 28 நிமிடம் யாருடைய கணக்கு?

இரண்டு விமான நிலையங்களின் பெயரை இட்டால் தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லிவிடும் இணையதளங்களை இனி யாரும் நம்பாதீர்கள். அப்படி ஒரு தளம் சொன்னது: சென்னை – சான்பிரான்சிஸ்கோ: 13,915 கிலோமீட்டர், 15 மணி 28 நிமிடம். இதை நம்பித்தான், எழுபத்திரண்டு வயதான என் அம்மாவின் கைப்பையில் சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் பதினாறு மணி நேரத்துக்கு எண்ணி வைத்துவிட்டு, மீதியைப் பெரிய பெட்டிக்குள் போட்டுப் பூட்டினோம்.

அம்மா போய்ச் சேர 25 மணி நேரம் ஆயிற்று. சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானமே கிடையாது. துபாய்க்கு நாலேகால் மணி நேரம், அங்கே நாலரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு, அதன் பிறகு துபாயிலிருந்து மட்டுமே ஏறத்தாழ 16 மணி நேரம். அந்தத் தளம் முழுப் பயணத்துக்கும் சொன்ன நேரம் இரண்டாம் விமானத்துக்கே போதவில்லை! டிக்கெட்டும் கைகொடுக்கவில்லை, அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு, அதே நாள் மாலை நாலரைக்கு அருகில் வருகை என்று அந்தந்த ஊர் நேரத்தை அச்சிட்டிருந்தார்கள். இடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம் இருப்பதை அது எங்குமே சொல்லவில்லை.

அந்தத் தளத்தார் செய்தது இவ்வளவுதான்: உலக உருண்டையின்மீது இரண்டு ஊர்களுக்கும் இடையே மிகக் குறுகிய கோட்டை இழுத்து, அதை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்திருக்கிறார்கள். அந்தக் கோடு போகும் வழியைப் பாருங்கள். வங்கக் கடலைத் தாண்டி, இமயத்தைக் கடந்து, திபெத் பீடபூமியின் மேலே ஏறுகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் விமானி உடனே 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு, இறங்கியாக வேண்டும். திபெத்தின் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பயணிகளின் முகமூடிகளில் ஆக்ஸிஜன் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குத்தான் வரும். அதனால்தான் பயணிகள் விமானங்கள் கூடியவரை அந்தப் பக்கமே போவதில்லை. விமானங்கள் தவிர்க்கும் வழிக்கு நிமிடக் கணக்கு எதற்கு?

காற்றையும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் ஆகிறது என்றால், மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் திரும்பி வர ஏழு மணி நேரம் போதும். இந்தத் தளத்திலோ போவதற்கும் வருவதற்கும் ஒரே எண்தான். ‘சுமார்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தாலும் நாங்கள் விசாரித்திருப்போம். அந்த 28 நிமிடம்தான் எங்களை ஏமாற்றியது. அவ்வளவு நுணுக்கமாகச் சொல்பவர்கள் அளந்துதான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டோம்.

இறங்கியதும் அம்மா தொலைபேசியில் பேசினார். குரல் தளர்ந்திருந்தது. "ஏம்ப்பா, மாத்திரை பாதி வழியிலேயே தீர்ந்துபோச்சு. பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்ட மணி கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாயிடுச்சு" என்றார்.

நேற்றிரவு அவர் திரும்பி வரும் பயணத்துக்காக அதே தளத்தை மறுபடியும் திறந்து பார்த்தேன். 15 மணி 28 நிமிடம்.