ஒற்றை 'ஏ' என்றால் போலி இல்லை
"அட்டையில் பெயரே எழுத்துப் பிழை, அதனால் போலி" என்று 1898ஆம் ஆண்டு ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற அமெரிக்க ஃபேஷன் இதழைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி யாரும் அசலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ப்ளீஸ்! 1867இல் தொடங்கியபோதே ஆங்கிலத்தில் அந்தப் பெயர் 'ஆர்' எழுத்துக்கு முன்னால் ஒற்றை 'ஏ'யோடுதான் (Bazar) இருந்தது. இரட்டை 'ஏ' (Bazaar) வந்தது 1929இல். சொல்லப்போனால், 1898 என்று போட்டு இரட்டை 'ஏ' இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். 1901 வரை அது வார இதழ் என்பதால் தேதியில் நாளும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அச்சை லென்ஸ் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. அசலில் எழுத்து காகிதத்தில் லேசாக அழுந்தியிருக்கும், விரல் நுனியில் தடவினால்கூடச் சில பக்கங்களில் தெரியும். ஸ்கேன் எடுத்து அடித்த நகலில் பெரும்பாலும் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்து நிற்கும்.