வீட்டு வரி ஏறினால் பள்ளிக்குப் பணம் ஏறுமா?

டெக்சஸில் வீடு தேடும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "அந்த ஏரியா ஸ்கூல் ரேட்டிங் என்ன?" வீடு வாங்கி வரி நோட்டீஸ் கைக்கு வந்ததும் கேட்பது, "இவ்வளவு ஸ்கூல் டாக்ஸ் கட்டுறோம், அப்புறம் ஏன் பட்ஜெட்ல துண்டு விழுதுன்னு டீச்சரைக் குறைக்கிறாங்க?" இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்கு வரும் விடையை நம்பி வீடு வாங்குகிறோம். 600, 700 பிள்ளைகள் படிக்கும் சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகளை (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) எடுத்துக்கொண்டால் கணக்கு பளிச்சென்று தெரியும், அதனால் அவற்றையே வைத்து எழுதுகிறேன்.

முதலில் யார் ஆள்கிறார்கள் என்பது. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நகராட்சிக்கோ கவுண்டிக்கோ கட்டுப்பட்டதல்ல. தனியாகத் தேர்தல், தனியாக வரி. பெரும்பாலும் 7 டிரஸ்டிகள் (இவர்கள் சேர்ந்ததுதான் போர்டு), 3 அல்லது 4 ஆண்டுப் பதவி, சம்பளம் கிடையாது. சூப்பரிண்டெண்டெண்டை (டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகி) நியமிப்பது, பட்ஜெட்டையும் வரி விகிதத்தையும் நிறைவேற்றுவது, கொள்கை வகுப்பது, இவைதான் அவர்கள் வேலை. தனித்தனியாக எந்த டிரஸ்டிக்கும் அதிகாரம் இல்லை. முன்கூட்டியே அறிவித்த கூட்டத்தில் கூடி வாக்களித்தால்தான் அது முடிவு. ஓர் ஆசிரியர் மேல் குறை இருந்தால், நமக்குத் தெரிந்த டிரஸ்டிக்கு ஃபோன் போடுவதில் பயனில்லை. பிரின்ஸிபலில் தொடங்கி எழுத்தில் புகார் கொடுத்து, படிப்படியாக டிஸ்ட்ரிக்ட் அலுவலகம், அப்புறம் போர்டு என்று போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு. கெடுவைத் தவற விட்டால் விஷயம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள்.

இப்போது பணம். நம் வரி ரசீதில் ஸ்கூல் டாக்ஸ் ஒரே தொகையாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று அன்றாடச் செலவுக்கு, எம் அண்ட் ஓ. சம்பளம், மின்சாரம், பஸ் எல்லாம் இதில். மற்றது கடன் அடைக்க, ஐ அண்ட் எஸ். வாக்காளர் ஒப்புக்கொண்ட பாண்டுக்கு (கட்டடம் போன்றவற்றுக்காக வாங்கும் கடன்) அசலும் வட்டியும் இதில். இரண்டாவதிலிருந்து ஒரு டாலரைக்கூட எடுத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. "ஸ்டேடியம் கட்டக் காசிருக்கு, டீச்சருக்குக் கொடுக்க இல்லையா?" என்று கோபப்படுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போர்டு மனது வைத்தாலும் சட்டம் விடாது.

சரி, வீட்டு மதிப்பு ஏறினால் எம் அண்ட் ஓ வசூல் ஏறுமே, அந்தப் பணம் எங்கே போகிறது? பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். டெக்சஸில் ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு இவ்வளவு தொகை உரியது என்று முதலில் மாநிலத்தின் சூத்திரம் தீர்மானிக்கிறது. அதில் உள்ளூர் வரி வசூலைக் கழித்து, மிச்சத்தை மாநிலம் தருகிறது. உள்ளூர் வசூல் ஏறினால் மாநிலத்தின் பங்கு அந்த அளவுக்கு இறங்கும். பள்ளியின் கையில் வரும் மொத்தம் ஏறக்குறைய மாறாது. போதாததற்கு, மதிப்பு ஏற ஏற வரி விகிதத்தையும் சட்டம் கீழே அழுத்துகிறது. வீட்டு மதிப்பு ஏறியதால் மிச்சம் பிடிப்பது ஆஸ்டினில் இருக்கும் மாநில அரசு.

அந்தச் சூத்திரத்தின் அடிப்படைத் தொகை ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,160 டாலர் என்று 2019-இல் வைத்தார்கள். 2025 வரை அதில் ஒரு டாலர் ஏறவில்லை. அந்த ஆறு ஆண்டில் விலைவாசி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. இன்ஷூரன்ஸ், டீசல், கேன்டீன் சாமான் எல்லாம் ஏறியது. 2025-இல் சட்டமன்றம் ஹவுஸ் பில் 2 என்ற சட்டத்தில் 850 கோடி டாலர் கொடுத்ததாகப் பெருமையாக அறிவித்தது. அதில் அடிப்படைத் தொகைக்குச் சேர்த்தது 55 டாலர். மீதியில் பெரும்பகுதி இன்னின்ன செலவுக்கு மட்டும் என்று கட்டிப் போட்ட பணம். ஆசிரியருக்குச் சம்பளம் ஏறியது நல்லது, அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பஸ் டிரைவருக்குக் கூட்டித் தரவோ, ஏசி ரிப்பேர் பார்க்கவோ அந்த ஆசிரியர் சம்பளப் பணத்தைத் தொட முடியாது.

அந்தச் சம்பள உயர்விலும் ஒரு சிக்கல். மொத்தம் 5,000 மாணவர்களோ அதற்குக் கீழோ உள்ள டிஸ்ட்ரிக்டில், 3, 4 ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியருக்கு 4,000 டாலர், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 8,000. அதைவிடப் பெரிய டிஸ்ட்ரிக்டில் 2,500, 5,000. கிராமப்புறத்தில் ஆசிரியர் நிற்பதில்லை என்பதால் சிறியதற்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்தான். ஆனால் 4,900 பேர் படிக்கும் டிஸ்ட்ரிக்டும் 5,100 பேர் படிக்கும் டிஸ்ட்ரிக்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் ஆண்டுக்கு 3,000 டாலர் கூட என்று ஆசிரியர் யோசிக்க மாட்டாரா?

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வருகைப் பதிவு. டெக்சஸ் பணம் கொடுப்பது பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்த்து அல்ல, சராசரியாக ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று பார்த்து. 700 பேர் சேர்ந்திருக்கும் டிஸ்ட்ரிக்டில் வருகை 95 சதவீதம் என்றால் 665 பேருக்குப் பணம். 92-க்கு இறங்கினால் 644. வித்தியாசம் 21 பிள்ளைகள். இன்றைய அடிப்படைத் தொகை 6,215-ஆல் பெருக்கினால் 1,30,000 டாலருக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு ஆசிரியர் சம்பளம். அந்த 21 பேர் ஒரே வகுப்பில் இல்லை. மழலை வகுப்பிலிருந்து 12 வரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தவர்கள். அதனால் எந்த வகுப்பையும் மூட முடியாது, ஆசிரியரையும் குறைக்க முடியாது, பஸ் அதே வழியில்தான் ஓட வேண்டும். செலவு அப்படியே நிற்க, வரவு மட்டும் இறங்குகிறது.

இதில் நம்மவர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. டிசம்பர் விடுமுறை போதாதென்று, அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து மூன்று வாரப் பள்ளி நாட்களை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறோம். டிக்கெட் விலை, தாத்தா பாட்டி, கல்யாணம் எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் பள்ளிக்கு 35 டாலர்போல நஷ்டம். 15 பள்ளி நாள் என்றால் 500 டாலரைத் தாண்டும். இது போக, ஒரு பாடத்துக்கு கிரெடிட் கிடைக்க 90 சதவீத நாள் வந்திருக்க வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது.

அதே சட்டம் தரும் வழிகளையும் நாம் பயன்படுத்துவதில்லை. மதப் பண்டிகைக்காக விடுப்பு எடுத்தால் அது வந்ததாகவே கணக்கு, விட்ட பாடத்தை முடித்துக் கொடுத்தால் போதும். தீபாவளி வேலை நாளில் வந்தால் காய்ச்சல் என்று சொல்லாதீர்கள், தீபாவளி என்றே முன்கூட்டி எழுதிக் கொடுங்கள். பிள்ளை அமெரிக்கக் குடியுரிமைக்கு அரசு அலுவலகம் போகும் நாளும், உறுதிமொழி எடுக்கும் நாளும் அப்படித்தான். டாக்டரிடம் போனால் அன்றைக்கே கொஞ்ச நேரமாவது பள்ளிக்கு அனுப்பி, டாக்டர் சீட்டைக் கொடுத்துவிட்டால் அன்றைக்கும் வந்ததாகவே கணக்கு. மெடிக்கல் அப்பாயின்ட்மென்ட் என்று முழு நாளும் வீட்டிலேயே வைத்துக்கொள்வதால்தான் வருகை போகிறது.

"நம்ம பணத்தைப் பிடுங்கி வேற ஊருக்குக் கொடுக்கிறாங்க" என்று ராபின் ஹூட் சட்டத்தை (வரி வசூல் அதிகமுள்ள டிஸ்ட்ரிக்டுகளிடம் மாநிலம் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு) திட்டுபவர்கள் அதன் வரலாற்றையும் பார்க்க வேண்டும். சான் ஆன்டோனியோவின் எட்ஜ்வுட் டிஸ்ட்ரிக்டில் மெக்சிகோ வம்சாவளியினர் அதிகம். 1967-68-இல் அவர்கள் 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டியும் ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கக் கிடைத்தது 356 டாலர். அதே பகுதியில் உள்ள அலமோ ஹைட்ஸில் 85 சென்ட் மட்டுமே கட்டினார்கள், பிள்ளைக்கு 594 டாலர் கிடைத்தது. டெமெட்ரியோ ரொட்ரீகெஸ் என்ற தகப்பனாரும் மற்றப் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று கைவிரித்தது. 1989-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் மாநில அரசியல் சட்டத்தைக் காட்டி, இந்த ஏற்பாடு செல்லாது என்று ஒருமனதாகச் சொன்னது. 1993-இல் இன்றைய ஏற்பாட்டுக்கு அடிப்படை போட்டார்கள். இப்போது சூத்திரப்படி உரிய தொகைக்கு மேல் வசூலித்தால் மிச்சத்தை மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். நகரத்துப் பணக்காரப் பகுதிகள் மட்டும் இதில் மாட்டுவதில்லை. எண்ணெய்க் கிணறு நிறைந்த மேற்கு டெக்சஸின் சின்ன டிஸ்ட்ரிக்டுகளும் கட்டுகின்றன. கொள்கை சரியானது என்றே நினைக்கிறேன். என் கோபம் வேறு. அந்தப் பணம் வருகிற அளவுக்கு மாநிலம் தன் கையிலிருந்து போடுவதைக் குறைத்துக்கொள்கிறது.

சின்ன டிஸ்ட்ரிக்டுகளை ஒன்றாகச் சேர்த்துவிடலாமே என்று கேட்பார்கள். ஆள் குறைந்தால் தலைக்குச் செலவு கூடும் என்பது மாநிலத்துக்கும் தெரியும். 2019 சட்டம் வைத்த கணக்குப்படி, சராசரி வருகை 600 உள்ள டிஸ்ட்ரிக்டுக்கு அடிப்படைத் தொகையில் 40 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. சேர்த்தால் அந்தக் கூடுதல் போகும், பிள்ளைகள் பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டி வரும், பல ஊர்களில் பள்ளியை விட்டால் வேலை கொடுக்க வேறு பெரிய இடமும் கிடையாது. ஆகவே அலுவலக வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், பள்ளியை மூட வேண்டாம் என்பதே என் கட்சி.

ரேட்டிங் பற்றிச் சுருக்கமாக. மாநிலம் தரும் ஏ முதல் எஃப் வரையான எழுத்தில் 70 சதவீதம், தேர்ச்சி அல்லது முன்னேற்றம் இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அது. 30 சதவீதம், இனம், வருமானம் என்று பிரித்துப் பார்க்கும் மாணவர் பிரிவுகளுக்கு இடையே உள்ள இடைவெளி. அளவுகோல் நடுவில் மாறும். பட்டப்படிப்புக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாரான மாணவர் 60 சதவீதம் இருந்தால் ஏ என்றிருந்ததை 2023-இல் 88 ஆக்கினார்கள். டிஸ்ட்ரிக்டுகள் வழக்குப் போட்டதில் அந்த ஆண்டு ரேட்டிங் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது. ஒரு வகுப்பில் 12 பேர் என்றால் ஒரே பிள்ளை 8 சதவீதம். இரண்டு குடும்பம் ஊர் மாறினால் எழுத்து மாறிவிடும். அந்த எழுத்தை விட்டுவிட்டு, ஆண்டறிக்கையில் இரண்டு வரியைத் தேடுங்கள். மாநிலத் தேர்வின் மூன்றாம் வகுப்பு வாசிப்பில் ‘மீட்ஸ்’ என்ற, வகுப்புக்குரிய தர நிலையை எட்டியவர்கள் எத்தனை சதவீதம் (‘அப்ரோச்சஸ்’ வெறும் பாஸ், வகுப்புக்குரிய தரம் அல்ல). ஆசிரியர்கள் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் விட்டுப் போகிறார்கள். இந்த இரண்டையும் ஐந்து ஆண்டுக்கு வரிசையாக எழுதிப் பார்த்தால் பள்ளியின் நிலைமை தெரிந்துவிடும்.

பாண்ட் தேர்தலில் வாக்குச் சீட்டைப் பார்த்து மிரள வேண்டாம். "இது சொத்து வரி உயர்வு" என்று பெரிய எழுத்தில் இருக்கும். 2019 சட்டப்படி, விகிதம் ஒரு சென்ட்கூட ஏறாவிட்டாலும், அந்த வாசகத்தை அச்சிட்டே ஆக வேண்டும். ஐ அண்ட் எஸ் விகிதம் இப்போது எவ்வளவு, நிறைவேறினால் எவ்வளவு என்று டிஸ்ட்ரிக்டிடம் கேளுங்கள். பெரிய ஸ்டேடியம், நீச்சல் குளம், கம்ப்யூட்டர் எல்லாம் தனித்தனிக் கேள்வியாக வரும். கூரைக்கு ஆம், ஸ்டேடியத்துக்கு இல்லை என்று பிரித்து வாக்களிக்கலாம்.

டிரஸ்டி தேர்தல் பல இடங்களில் மே மாதம் முதல் சனிக்கிழமை. வருகிறவர்கள் மிகக் குறைவு, சின்ன ஊரில் ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து போனாலே முடிவு மாறும். குடியுரிமை உள்ளவர்கள் 30 நாள் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். ஹெச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்கள் நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டாம். போர்டு கூட்டத்தில் ஒரு விஷயத்தை முடிவெடுக்கும் முன் அதைப் பற்றிப் பேசப் பொதுமக்களுக்கு 2019 முதல் சட்டப்படி உரிமை உண்டு, அங்கே யாரும் விசா கேட்பதில்லை. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் பள்ளி சுகாதார ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும், அதில் பெரும்பான்மை அங்கே வேலை செய்யாத பெற்றோராக இருக்க வேண்டும். பல சின்ன டிஸ்ட்ரிக்டுகளில் அந்த இடங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. சூப்பரிண்டெண்டெண்ட் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.