சொத்தை இல்லை, சரி. ஈறு எப்படி இருக்கிறது?

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் என் நட்பு வட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், இது உங்களுக்கான பதிவு. பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "சொத்தை ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கு" என்று அனுப்பினால் அதோடு கிளம்பி வந்துவிடாதீர்கள். ஈறைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சொத்தை பொதுவாகவே குறைவுதான். பல் தாமதமாக முளைக்கிறது, சிலருக்கு முதல் பல் வரவே இரண்டு வயது ஆகிவிடும், சில பற்கள் முளைப்பதே இல்லை, இருக்கிற பல்லும் சின்னதாக இடைவெளி விட்டு நிற்கும். ஆனால் ஈறு அப்படி இல்லை. கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் இவர்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை, அதனால் மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாத அளவு அழுக்குகூட இவர்களுக்கு ஈறை வீங்க வைத்து, உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்க ஆரம்பித்துவிடுகிறது. பல்லின் வேரும் பலருக்குக் குட்டை. சொத்தையே இல்லாத கீழ் முன்பல் பதின்வயதிலேயே ஆடுவது இதனால்தான்.

நாக்கு பெரிது, அதனால்தான் வாயைத் திறந்தே வைத்திருக்கிறான் என்பார்கள். பெரும்பாலும் நாக்கு சாதாரண அளவுதான், மேல்தாடை சின்னது, தசைக்கு இறுக்கம் குறைவு. வாய் வழியாக மூச்சு விடுவதால் எச்சில் காய்ந்து, முன்பல் ஈறு இன்னும் மோசமாகிறது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள என் தம்பிக்கு வயது 16. தானே பிரஷ் பண்ணுவான், அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை, அதை யாரும் பறிக்க வேண்டாம். அவன் முடித்த பிறகு ராத்திரியில் நான் ஒரு முறை தேய்த்துவிடுவேன். அவன் தரையில் உட்கார்ந்து தலையை என் மடியில் சாய்த்துக்கொள்வான். கீழ் உதட்டை விரலால் இறக்கிப் பார்த்தால், அவன் அவ்வளவு நேரம் தேய்த்த பிறகும் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் இட்லி மாவு மாதிரி சாப்பாடு ஒட்டியிருக்கும், பல் ஈறில் இறங்கும் இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு தெரியும். பிரஷைச் சாய்த்து அந்தக் கோட்டில்தான் வைக்க வேண்டும். ரத்தம் வந்தால் பயந்து நிறுத்தக் கூடாது, ரத்தம் வருகிற இடத்தில்தான் இன்னும் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். "பெரிய பையனுக்கு இன்னும் நீயா தேய்க்கிற?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஒரு கிளினிக்கில் அவனைப் பார்த்த உடனேயே "ஒத்துழைக்க மாட்டான், மயக்க மருந்து கொடுத்துத்தான் கிளீன் பண்ணணும்" என்றார்கள். அவன் நாற்காலியில்கூட உட்காரவில்லை! இன்னொரு டாக்டர் கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, பல்லில் படிந்த அழுக்கைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் கருவியை முதலில் அவன் நகத்தில் வைத்துக் காட்டினார். அன்றைக்குக் கீழ் வரிசை மட்டும், அடுத்த முறை மேல் வரிசை. மயக்க மருந்து தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள்தான், ஆனால் அதை முகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

போகும்போது இரண்டு விஷயம் மறக்காமல் சொல்லுங்கள். ஒன்று இதயம். கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும், அதில் சிலருக்கு ஸ்கேலிங்குக்கு முன் ஆன்டிபயாடிக் தேவை, யாருக்கு என்பதை இதய டாக்டர் சொல்வார். இன்னொன்று கழுத்து. மேல் எலும்புகள் தளர்வாக இருக்கக்கூடும், தலையை அழுத்திப் பின்னால் வளைக்க விடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு உடல்நலப் பரிசோதனை செய்ய மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில், பார்க்க வேண்டிய கோளாறுகளின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் இருக்கிறது, பல் பிரச்சினைகளும் இருக்கின்றன. அப்படியிருக்க, டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்த ஒவ்வொரு குழந்தையையும் ஒரு வயதிலேயே பல் டாக்டரிடம் அனுப்ப ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் என்ன? பல் ஆட ஆரம்பித்த பிறகு, போன எலும்பு திரும்பி வராது. இந்தத் திட்டத்துக்கான உங்கள் மாவட்ட மையத்தில் பல் டாக்டர் இருக்கிறாரா, உங்கள் பிள்ளையின் ஈறை யாராவது பார்த்திருக்கிறார்களா, ஊர்ப் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள்.