டென்வர் காற்றைக் கழித்த பிறகும் 141

பேஸ்பால் ஆட்டக்காரர் லாரி வாக்கரின் பேட்டிங் எண்களெல்லாம் அவர் ஆடிய அமெரிக்காவின் டென்வர் நகர மைதானம் போட்ட பிச்சை என்று சிலர் ஒதுக்குவது அநியாயம். சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும், வீசுபவரின் பந்தும் சரியாக வளையாது; உண்மைதான். அங்கே அவர் பேட்டிங் சராசரி 0.381. ஆனால் மைதானத்தின் சாதகத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் ஓபிஎஸ் பிளஸ் என்ற பேட்டிங் அளவுகோல் எதற்கு இருக்கிறது? அதில் 100 என்றால் சராசரி ஆட்டக்காரர். வாக்கருக்கு 141! தடுப்பாட்டத்துக்கு 7 தங்கக் கையுறை விருது வேறு.

பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கான (ஹால் ஆஃப் ஃபேம்) வாக்கெடுப்பில் 2011இல் அவருக்குக் கிடைத்தது 20 சதவீதம். கடைசி வாய்ப்பான 2020இல் 304 வாக்கு. தேவையான 75 சதவீதத்தைவிட ஆறே வாக்குதான் அதிகம். ஒரு சீட்டில் பத்துப் பெயருக்கு மேல் குறிக்க முடியாது, அதனால் போட்டி நெருக்கிய ஆண்டுகளில் தகுதியானவர்களும் விடுபட்டார்கள். அதே டென்வர் மைதானத்தில் ஆடி, 2024இல் தேர்வான டாட் ஹெல்டனையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும்.