அப்பா சம்மதித்தால்தான் ஆட்டமாம்

வேலூர் வெயிலில் பகலெல்லாம் வெந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில் ஆன்லைன் கேமில் ஒரு ஆட்டம் போடலாம் என்று உட்கார்ந்தால், அக்கவுன்ட் உள்ளேயே விடமாட்டேன் என்கிறது. குடியாத்தத்திலிருந்து ஒருத்தன், ஆரணியிலிருந்து இன்னொருத்தன், ரெண்டு பேரும் கேமின் லாபியில், அதாவது ஆட்டம் தொடங்குமுன் கூடும் இடத்தில், காத்துக்கிடக்கிறார்கள். "இன்னாடா மச்சான், வர்றியா இல்லியா?"

பாஸ்வேர்டு சரி. அதற்கு மேல் இரண்டாவது பூட்டாகக் கேட்கும், போனில் உள்ள ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணைத்தான் தப்பு, தப்பு என்கிறது. அந்த எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறும். போனின் கடிகாரத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். என் போனோ நாலு நிமிஷம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம்! நேரத்தை ஆட்டோமேட்டிக்கில் போட்டதும் கதவு திறந்தது. (எர்ரர் மெசேஜில் அதை ஒரு வரி சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்?)

உள்ளே போனால் அடுத்த கூத்து. தனியாக ஆடலாம், மல்டிபிளேயருக்குப் பூட்டு. ஏனென்றால் நான் சிறுவனாம். அக்கவுன்ட் தொடங்கிய அன்று அவசரத்தில் பிறந்த வருஷத்தை 2015 என்று தட்டியிருக்கிறேன். திருத்த வழியில்லை, பெற்றோர் தங்கள் மின்னஞ்சலிலிருந்து சம்மதம் தரவேண்டுமாம். எனக்கு வயது 34. காதோரம் நரை. சப்போர்ட்டில் கேட்டால், ஒரு ரோபோ அதே பக்கத்தின் லிங்க்கையே மூன்று தடவை அனுப்புகிறது.

வேறு வழியில்லாமல் சத்துவாச்சாரியில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்திலும் முழுசாகக் கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்கே என்னக் கேக்கல, இதுக்கு எதுக்குடா?" என்று வைத்துவிட்டார்.