வாடகையை யார் கொடுப்பது?

பணத்துக்குப் பதில் பொருளோ உழைப்போ கொடுத்துப் படிக்கும் வகுப்புகளை, நான் படித்த ஒரு கட்டுரை மனதாரப் பாராட்டியிருக்கிறது. சரி, ஆனால் அது நடக்கும் விதத்தையும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். 2010-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ட்ரேட் ஸ்கூல்' முறையில், பாடம் நடத்துபவர் தனக்கு என்னென்ன வேண்டும் என்று முதலிலேயே பட்டியல் போட்டுவிடுவார். சேருபவர் அதில் ஒன்றை ஒப்புக்கொண்டு வர வேண்டும். ஓடுவதற்கான ஷூ முதல் செடார் சீஸ் வரை இப்படிக் கைமாறியிருக்கிறது! என்னிடம் இருப்பது உங்களுக்கும், உங்களிடம் இருப்பது எனக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட வேண்டுமே, அதுதான் பண்டமாற்றின் பழைய தலைவலி. பட்டியல் முன்கூட்டியே வந்துவிட்டால் அதில் பாதி தீர்ந்தது. பேரம் பேசும் சங்கடமும் இல்லை.

தீராதது இடப் பிரச்சினை. ஆசிரியர் சீஸ் வாங்கிக்கொள்வார், கட்டட உரிமையாளர் வாங்கிக்கொள்வாரா? யாராவது இலவசமாக இடம் கொடுக்கும் வரைதான் வண்டி ஓடும். அப்புறம், இந்த முறை ஒருநாள் வகுப்புக்குத்தான் சரிவரும் என்பது என் எண்ணம். மாதக்கணக்கில் கிட்டார் சொல்லிக்கொடுப்பவருக்கு வாரம் ஒரு பொருள் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்கு 1980-களில் அமெரிக்க வழக்கறிஞர் எட்கர் கான் முன்வைத்த நேர வங்கி தோதானது. ஒரு மணி நேரம் கற்றுக்கொடுத்தால் ஒரு மணி நேரம் வரவு. அதைக் கொண்டு அந்த மாணவரிடம் மட்டுமல்ல, வேறு எந்த உறுப்பினரிடமும் குழாய் ரிப்பேரோ தையலோ கேட்டு வாங்கலாம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.